மூன்றாவது "இதோ"

அண்ணி இருந்த காலத்தில், சாப்பிட அழைத்தால் அண்ணன் கணினியை விட்டு எழாமல் "இதோ வந்துட்டேன்" என்பார். மூன்றாவது முறையும் அப்படியே சொன்னால், அண்ணி வந்து சுவரிலுள்ள சுவிட்சை அணைத்துவிடுவார்.

அண்ணி காலமான பிறகு, அண்ணனுக்குச் சமைத்துப் போட நான் அங்கே தங்கினேன். அப்போதுதான் கணினி நீலத் திரை காட்டி நின்றுபோகத் தொடங்கியது. எப்போது நிற்கிறது என்பதை முதலில் கவனித்தவன் நான். சாப்பிட அழைப்பேன். அண்ணன் மூன்றாவது முறை "இதோ" என்றதும் திரை நீலமாகிவிடும். அவர் முணுமுணுத்துக்கொண்டே கை கழுவ எழுவார்.

பழுதுபார்ப்பவர் வந்து பகல் முழுவதும் ஓட்டிப் பார்த்தார். ஒருமுறைகூட நிற்கவில்லை.

"டாக்டரைப் பார்த்ததும் ஜுரம் ஓடிப்போன கதையா இருக்கு சார். எதுக்கும் ரேமை மாத்திடறேன்."

"சாப்பாட்டு நேரத்துல மட்டும்தானே நிக்குது, இருந்துட்டுப் போகட்டும்ணே" என்றேன் நான்.

"ரிப்பேரை யாராவது வீட்ல வச்சு வளர்ப்பாங்களாடா? நீங்க மாத்துங்க தம்பி" என்றார் அண்ணன்.

அதன்பின் கணினி நிற்கவேயில்லை. சில நாட்கள் கழித்து அண்ணன் பழைய ரேமைக் கேட்டு வாங்கிவந்து, தாமே மாட்டினார். அப்போதும் நிற்கவில்லை.

இப்போதெல்லாம் நான் ஒருமுறைதான் அழைக்கிறேன். அண்ணன் என் பக்கம் திரும்புவதில்லை. திரையைப் பார்த்து "இதோ வந்துட்டேன்" என்று மூன்று முறை சொல்கிறார். சற்று நேரம் பொறுத்திருந்து, கொஞ்சம் உரக்க, நான்காவது முறையும் சொல்கிறார்.