வாரேன் என்று சொன்னவர்

2043 ஓகஸ்ட் 9, காலை 6.10. நுவரெலியா மாவட்டம், கருங்கல் அருவிப் பாதை. வழிகாட்டி யோகநாதன் பாதையின் வாசலில் மனைவி தர்ஷனியிடம், "வாரேன் புள்ள" என்று சொல்லிவிட்டுத் தனியாக மலையேறினார். அங்கே காவலாளி இல்லை. போவோர் வருவோரின் பேச்சைக் கேட்டு, தானியங்கி வாசலே அவர்களைப் பதியும்.

மாலை ஐந்தாகியும் அவர் இறங்கவில்லை. மேலே மூடுபனிக்குள் அவருடைய விசில் கேட்டது.

"தேட ட்ரோன அனுப்பு," என்றாள் தர்ஷனி.

"அவர் வந்துவிட்டார். காலையில் அவரே சொன்னார்," என்றது வாசல்.

"ஐயோ, அது போறப்ப சொல்றது! யாராச்சும் 'போறேன்'னு சொல்லுவாங்களா?"

"மலையில் எவரும் இல்லை."

போனதாகப் பதிவானவர் இருட்டுவதற்குள் திரும்பாவிட்டால்தான் ட்ரோன் கிளம்பும். விசில் மறுபடி கேட்டது. தர்ஷனி இதுவரை வாய்விட்டுச் சொல்லாத சொல்லைச் சொன்னாள்: "நான் போறேன்."

வாசல் திறந்தது. மலையில் ஒருவர் என்று பதிவானது.