எனக்கு நோட்டீஸ் வரல

பேருந்தை விட்டு இறங்கியதும் அவள் கலைந்த முடியைக் காதோரம் ஒதுக்கிக்கொண்டாள்.

பேருந்துக்குள்ளிருந்து அதைப் பார்த்த அவள் புருஷனுக்குப் பொறுக்கவில்லை. தன்னோடு வெளியே கிளம்பும்போது ஒருநாளாவது இப்படி ஒதுக்கியிருப்பாளா?

நடைபாதையில் ஓர் இளைஞன் காத்திருந்தான். வெள்ளைச் சட்டை, மழமழவென்று சவரம் செய்த முகம், தோளில் தோல்பை. அவளைக் கண்டதும் வாயெல்லாம் பல்லாக எதிரே வந்தான்.

யாருடா இவன்?

இரண்டு பேர் தள்ளி, ஒரு குடைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு புருஷனும் இறங்கினான். கிளினிக் வேலைக்குப் போகிற பேருந்தை விட்டுவிட்டு அவள் வேறொன்றில் ஏறியபோதே அவனுக்குப் பொறி தட்டியிருந்தது.

கோபித்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போன மனைவி. புருஷன் பெண்டாட்டிக்குள் ஆயிரம் இருக்கும், கோபம் ஆறினால் தானாக வந்துவிடுவாள் என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தான். அவள் வராததற்குக் காரணம் இதோ, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு முன்னால் நடக்கிறது.

வெள்ளைச் சட்டை ஏதோ சொல்ல, அவள் சிரித்தாள். சின்னச் சிரிப்புதான். வீட்டில் அந்தச் சிரிப்பைக் கடைசியாக எப்போது கேட்டோம் என்று அவன் யோசித்துப் பார்த்தான். நினைவுக்கு வரவில்லை.

இருவரும் ஒரு பழைய அரசாங்கக் கட்டடத்துக்குள் நுழைந்தார்கள். வாசலில் கூட்டம். பலகையைப் படிக்க அவனுக்குக் கண் நிற்கவில்லை. கையில் காகிதங்களோடு ஓர் ஆணும் பெண்ணும் அரசாங்க ஆபீசுக்குள் எதற்குப் போவார்கள்? ரிஜிஸ்டர் செய்யத்தான்!

லிப்ட் மெக்கானிக்கான அவன், லிப்ட் வரும்வரை பொறுக்க முடியாமல் படிகளில் தாவி ஏறினான்.

மேலே நீளமான அறை. கடைசி பெஞ்சில், பருத்த ஆள் ஒருவரின் முதுகுக்குப் பின்னால் ஒடுங்கி உட்கார்ந்தான்.

முன்வரிசையில் வெள்ளைச் சட்டை தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவளிடம் நீட்டினான். அவள் அண்ணாந்து குடித்தாள். பாட்டிலை வாங்கி அவனே மூடியைத் திருகினான். அந்த மூடியைத் திருகியதைத்தான் இவனால் தாங்கவே முடியவில்லை.

எழுந்துபோய்ச் சட்டையைப் பிடித்துவிடலாம் என்று பெஞ்சில் கையூன்றிய நேரத்தில், வெள்ளைச் சட்டை பையிலிருந்து ஒரு கறுப்புக் கோட்டை எடுத்து உதறி மாட்டிக்கொண்டான்.

வக்கீல்!

நெஞ்சில் இருந்த பாறாங்கல் உருண்டு விழுந்தது. வக்கீல்தானா? அந்த ஒரு கணம் அந்தப் பையனைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அடுத்த கணம், டவாலி அவள் பெயரையும் இவன் பெயரையும் சேர்த்துக் கூப்பிட்டார்.

அவள் எழுந்தாள். வக்கீல் பேசினான். புருஷனிடமிருந்து பாதுகாப்புக் கேட்டுப் போட்ட மனு. நோட்டீஸ் இரண்டு தடவை போய்த் திரும்பிவிட்டது. கதவு பூட்டியே கிடக்கிறது. இனிமேல் அவர் இல்லாமலே உத்தரவு போட வேண்டும்.

நீதிபதியம்மாவுக்கு ஜலதோஷத்தில் குரல் கட்டியிருந்தது. கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, நோட்டீஸ் கைக்குப் போய்ச் சேராத ஒருவருக்கு எதிராக அவ்வளவு சுலபமாக உத்தரவு போட்டுவிட முடியுமா என்று தயங்கினார்.

அவ்வளவுதான். அவன் துள்ளி எழுந்தான்.

"நான் இங்கதாம்மா இருக்கேன்! எனக்கு எந்த நோட்டீஸும் வரல!"

அறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவள் மட்டும் திரும்பவில்லை.

நீதிபதியம்மா கடிந்துகொள்ளவில்லை. முன்னால் வரச் சொன்னார். மனுவின் நகலை அவன் கையில் கொடுக்கச் சொன்னார். உங்கள் தரப்பைக் கேட்காமல் இங்கே இறுதியாக எதுவும் முடிவாகாது, படித்துப் பாருங்கள், வக்கீல் வைத்துக்கொள்ளுங்கள், வசதி இல்லையென்றால் நாங்களே ஏற்பாடு செய்கிறோம் என்றார். குரலில் துளியும் ஏளனம் இல்லை.

அவன் நெஞ்சு நிமிர்ந்தது. நியாயம் செத்துப் போகவில்லை. கறுப்புக் கோட்டை ஓரக்கண்ணால் ஒரு பார்வை பார்த்தான். எப்படி, பார்த்தாயா?

"நோட்டீஸே வரலன்னா, இன்னிக்கு இங்க விசாரணைன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

நீதிபதியம்மா சாதாரணமாகத்தான் கேட்டார்.

அவன் இந்தப் பக்கமாக ஒரு வேலையாக வந்ததாகச் சொன்னான். அவனுக்கே அது நன்றாக இல்லை.

நீதிபதியம்மா அதைத் தோண்டவில்லை. அடுத்த நோட்டீஸ் இப்படித் திரும்பி வரக்கூடாது, பகலில் எங்கே கொடுத்தால் உங்கள் கையில் கிடைக்கும் என்று கேட்டார்.

"கம்பெனிக்கு அனுப்புங்கம்மா."

பக்கத்தில் இருந்த குமாஸ்தா வழக்குக் கட்டைப் புரட்டி, கம்பெனிக்கும் ஆள் அனுப்பினோம், மாதக்கணக்காக இவர் வேலைக்கே வருவதில்லையாம் என்றார்.

பேனாவைப் பிடித்தபடி நீதிபதியம்மா காத்திருந்தார்.

அப்போதுதான் அவள் வாயைத் திறந்தாள். அவன் பக்கம் திரும்பாமலே, டோக்கன் எண்ணைச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னாள்.

"நான் வேலை செய்யற கிளினிக்குக்கு எதிர்ல ஒரு மருந்துக்கடை இருக்கும்மா. அதோட படிக்கட்டுல குடுக்கச் சொல்லுங்க. நான் கதவு திறக்கறதுலேருந்து பூட்டற வரைக்கும் அங்கதான் இருப்பாரு."