காணாமல் போன நாலு நிமிஷம்

"எடிட்டரை மட்டும் மேடைக்குக் கூப்பிடாதீங்க மேடம்."

இயக்குநர் கறாராகச் சொன்னதும் விழா ஒருங்கிணைப்பாளர் எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்தார்.

"படம் முடிஞ்சதும் மொத்தக் குழுவும் மேடையேறிப் பேசறதுதான் சார் இங்க வழக்கம்."

"படத்தோட உயிரையே தொலைச்சவன் மேடம் அவன். அவன் ஏறினா நான் இறங்கிடுவேன்."

உள்ளூர்க்காரர்கள் தாங்களே எடுத்த படங்களுக்கென்று நடக்கும் சின்னத் திரைப்பட விழா அது. நூலகத்து மாடி, நூற்றிருபது நாற்காலி, ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி. இயக்குநரின் படம் பிரசவ வார்டு ஆயா ஒருவரைப் பற்றிய ஆவணப்படம். எட்டு மாதம் அந்த அக்கா போன இடமெல்லாம் கேமராவும் கையுமாக அலைந்து எடுத்தது.

அதில் ஒரு நாள், துவைத்த விரிப்புகளை மடித்துக்கொண்டே அக்கா பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார்.

"எம் பொண்ணு நான் பெத்தவ இல்ல தம்பி. இதோ, இந்தக் கட்டில்ல யாரோ விட்டுட்டுப் போன குழந்தை."

அப்புறம் நாலு நிமிஷம் அழுகையும் சிரிப்புமாக அவர் சொன்னதெல்லாம் கேமராவில் பதிவானது. அவனுக்குத் தலைகால் புரியவில்லை. இதுதான் படத்தின் முடிவு, இனி விருது வீடு தேடி வரும் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

ஒரே மாதத்தில் எடிட்டர் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான்.

"மச்சான், ஹார்டு டிஸ்க் போயிடுச்சுடா. அந்த ஒரு நாள் எடுத்தது மட்டும் கிடைக்கல."

"காப்பி எடுத்து வைக்கலையா?"

"மறந்துட்டேன்."

பதினைந்து வருஷ சிநேகிதம் அன்றோடு முறிந்தது. "அவனை நம்பிப் படத்தைக் குடுக்காதீங்க" என்று தெரிந்தவர்களிடமெல்லாம் தம்பட்டம் அடித்தான். அதில் எடிட்டருக்கு வரவேண்டிய இரண்டு வேலைகள் கைநழுவிப் போயின. அதற்கும் அவன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. பேச என்ன முகம் இருக்கிறது என்று இவன் நினைத்துக்கொண்டான்.

படம் தொடங்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஆயா அக்கா வந்து சேர்ந்தார். கூடவே இருபது வயதுப் பெண் ஒருத்தி.

"எம் பொண்ணு தம்பி. ஹாஸ்டல்லேருந்து நேரா வந்திருக்கா. என்னைத் திரையில பாக்காம போகமாட்டேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா."

சொல்லிவிட்டு அக்கா சிரித்தார். அந்தச் சிரிப்பு சரியாக ஒட்டவில்லை. பெரிய கூட்டத்தைப் பார்த்து மிரண்டிருப்பார் என்று அவன் விட்டுவிட்டான்.

விளக்கு அணைந்தது. நாற்பது நிமிஷமும் அக்கா திரையைப் பார்க்கவே இல்லை. மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிக் காட்சியில் அவர் கைகளைக் கழுவித் துடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி நடக்க, படம் முடிந்தது.

எழுந்து நின்று கை தட்டினார்கள். மகள் அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "இவ்வளவு வேலையா பாக்குறே நீ? எங்கிட்ட சொன்னதே இல்லியேம்மா!" என்று அழுதாள்.

மேடைக்குக் கூப்பிடுமுன் டீ குடிக்கப் பத்து நிமிஷம் விட்டார்கள். மகள் அந்தப் பக்கம் போனதும் அக்கா ஓடி வந்து அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"அவளுக்கு இன்னும் தெரியாது தம்பி. படிப்பு முடியட்டும், நானே பக்குவமா சொல்லலாம்னு இருக்கேன். இன்னிக்கு அந்தப் பேச்சு வந்துடுமோன்னு உயிரைக் கையில புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். நான் கேக்காமலே அதை வெட்டி எடுத்துட்டீங்களே, நீங்க நல்லா இருக்கணும்."

அவன் கைகளை மெல்ல விடுவித்துக்கொண்டான். மகளுக்கு இது தெரியுமா என்று ஒரு நாளாவது கேட்டோமா? நூற்றிருபது பேர் நடுவில் அந்தப் பெண் அதைக் கேட்டிருந்தால்? அவர் சொன்ன நன்றியை வாங்கிக்கொள்ள அவனுக்குக் கூசியது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடினான். எடிட்டர் மாடிப்படியோரம் தனியாக நின்றிருந்தான்.

"டேய், உன் டிஸ்க் கெட்டதுக்கு நான் உன் காலைத் தொட்டுக் கும்பிடணும்டா. உன்னை என்னென்னமோ சொல்லிட்டேன். மன்னிச்சுடு. அந்த நாலு நிமிஷம் மட்டும் இருந்திருந்தா..."

"இருக்கே."

எடிட்டர் பையிலிருந்து டிஸ்க்கை எடுத்து அவன் கையில் வைத்தான்.

"இதை அக்காகிட்ட குடு. பொண்ணுக்குத் தெரியாதுன்னு அவங்க பேசினதைப் பாத்தப்பவே தோணிச்சு. அவகிட்ட சொல்ற அன்னிக்கு, கூட உக்கார வெச்சுக் காட்டட்டும்."

இயக்குநர் டிஸ்க்கை இறுகப் பற்றிக்கொண்டான். நன்றி என்று சொல்ல வந்தது, திட்டாகத்தான் வெளியே வந்தது.

"அடப்பாவி! எங்கிட்ட சொல்லியிருக்கலாமேடா. அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு நானே அதை வெட்டியிருப்பேனே?"

"நீ கேட்டிருப்பே, அவங்களும் 'போட்டுக்கோங்க தம்பி'ன்னு சொல்லியிருப்பாங்க. எட்டு மாசம் நீ எடுத்ததை ஒண்ணு விடாம பாத்தவன்டா நான். அந்த அக்கா ஒரு தடவைகூட, யாருக்குமே, முடியாதுன்னு சொல்லல."