உமித் தடம்

நாலாவது நாளும் தடத்தை யாரோ கொத்திப் போட்டிருந்தார்கள்.

பேச்சிமுத்து உமியைக் காலால் எத்தினார். முந்தின சாயங்காலம்தான் ரைஸ் மில்லுக்குப் பின்னால் கிடந்த உமியைப் பரப்பி, தண்ணீர் தெளித்து, காலி டீசல் பேரலை மேலே உருட்டி உருட்டி, சிமெண்டுத் தரை மாதிரி அமுக்கி வைத்துவிட்டுப் போயிருந்தார். இடுப்பு வலி இன்னும் விட்டபாடில்லை. இப்போது பார்த்தால் ஐம்பது மீட்டரும் உழுத வயலாகக் கிடக்கிறது.

அது அவர் மகள் முத்துசெல்வி ஓடிப் பழகுகிற தடம்.

அவளுக்கு இருபத்திரண்டு வயது. பேச்சும் புரிதலும் கொஞ்சம் மெதுவாகத்தான் வரும். கால் அப்படியில்லை. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கென்று உலக அளவில் குளிர்கால விளையாட்டுப் போட்டி ஒன்று நடக்கிறது. காலுக்கு ஒன்றாக முறம் அகலத்துக்குப் பலகையைக் கட்டிக்கொண்டு பனியில் ஓட வேண்டும். அவளுக்குப் பயிற்சி கொடுக்கும் சுகந்தி டீச்சர் அதற்குத்தான் அவள் பெயரைக் கொடுத்திருந்தார். தென்காசியில் பனிக்கு எங்கே போவது? உமிதான் நமக்குப் பனி என்று டீச்சரே சொல்லிவிட்டார்.

போன மாதம் இமயமலைப் பக்கம் முதல் கேம்ப்; அதுவரை கட்டாந்தரையில்தான் பழகியிருந்தாள். பத்தடி போவதற்குள் மூன்று தடவை விழுந்தாள். துணைக்குப் போயிருந்த பேச்சிமுத்து வேலிக்கு வெளியே நின்று குலுங்கிக் குலுங்கி அழுதார். விழுந்தவளே எழுந்து வந்து அவர் கண்ணைத் துடைத்துவிட வேண்டியதாயிற்று.

இன்னும் இரண்டு வாரத்தில் கடைசித் தேர்வு. அதிலும் விழுந்தால் அவள் இடத்தில் வேறு பெண் போய்விடுவாள்.

என் பிள்ளை இனிமேல் விழக் கூடாது என்று முடிவு கட்டித்தான் அவர் பேரலை உருட்ட ஆரம்பித்தார்.

"எவன் பண்ணுதான்னு எனக்குத் தெரியும்ட்டி," என்றார் மகளிடம்.

"விடுங்கப்பா. நான் ஓடிருவேன்."

அவள் தலையெல்லாம் உமி. காற்றுக்குப் பறந்து ஒட்டியிருக்கும் என்று தட்டிவிட்டார்.

அவர் சந்தேகப்பட்டது மில் வாட்ச்மேன் பாண்டியராஜை. முதல் நாளே அந்த ஆள், "குத்தாலத்துத் தண்ணிக்கே நடுங்குத ஊரு. இங்கன இருந்து பனியில ஓட ஆளு போவுதாக்கும்? இந்தப் பிள்ளைக்கு எதுக்குவே இந்தப் பாடு?" என்று சிரித்தவர். பேச்சிமுத்து அதை மறக்கவே இல்லை.

நேராக மில் கேட்டுக்குப் போனார். லோடுமேன்கள் நாலைந்து பேர் பார்க்கப் பார்க்க, "என் மவ ஜெயிச்சிட்டா உமக்கு என்னவே குறைஞ்சி போவுது? பிள்ள வயித்துல அடிக்கேரே, விளங்குவீரா?" என்று கத்தினார்.

பாண்டியராஜ் தலையைக் குனிந்துகொண்டு பீடியை அணைத்தார். கேட்டைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

குற்றமுள்ள நெஞ்சுதான் இப்படிக் குறுகுறுக்கும் என்று பேச்சிமுத்துவுக்கு உறுதியாகிவிட்டது. ஆளைக் கையோடு பிடித்து மில் முதலாளி முன்னால் நிறுத்தாமல் விடுவதில்லை.

தினமும் விடியற்காலம் நாலு மணிக்கு லோடு ஆட்டோவில் பாவூர்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றிப் போவார். திரும்பி வந்து மகளை மில்லுக்குக் கூட்டிப்போக ஏழு மணி ஆகிவிடும். மறுநாள் அந்த நடையை வேறொருவரிடம் கொடுத்துவிட்டார். வழக்கம்போல நாலு மணிக்குக் கிளம்பிப் போய், ஐந்து மணிக்கு ஆட்டோவை மில் தெருமுனையில் நிறுத்தினார். மார்கழி மாதம், கோயிலில் ஸ்பீக்கர் போட்டுவிட்டார்கள். சத்தமில்லாமல் மில்லின் பின்பக்கம் போனார்.

பாண்டியராஜ் மம்பட்டியோடு நின்றிருந்தார்.

பேச்சிமுத்து பாய்ந்து அவர் சட்டையைப் பிடித்தார். "மாட்டுனீரா? இப்ப என்னவே சொல்லுதீரு?"

"சத்தத்தைக் குறையும்வே. பிள்ள ஓடுதுல்லா."

"எந்தப் பிள்ள?"

பாண்டியராஜ் கையை நீட்டினார்.

சுவரோரம் அவர் வீட்டுத் தூக்குவாளி இருந்தது; பால் வாங்கப் போகிற சாக்கில் மகள் வந்திருக்கிறாள். மில் விளக்கு வெளிச்சத்தில், கொத்திப் பொலபொலவென்று கிடந்த உமியில், காலில் பலகையைக் கட்டிக்கொண்டு முத்துசெல்வி ஓடிக்கொண்டிருந்தாள். பத்து எட்டு வைத்தாள். கணுக்கால் வரை புதைந்தது. முகங்குப்புற விழுந்தாள்.

"ஏட்டி," என்று பதறி ஓடப் போனவரைப் பாண்டியராஜ் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"நில்லும். அவளே எந்திரிப்பா."

எழுந்தாள். வாயிலிருந்த உமியைத் துப்பினாள். மறுபடி முதலிலிருந்து ஓடி வந்தாள்.

"மொத நாளு பதினேழு தடவ விழுந்தா. இன்னைக்கு இது நாலாவது தடவதான்," என்றார் பாண்டியராஜ். "மம்பட்டி என்னுது. கொத்துனது அவ. நான் தர மாட்டேன்னேன், பிடுங்கிட்டுப் போயிட்டா. பனி அமுங்கிக் கிடக்காதாம், காலு உள்ள போவுமாம். கெட்டித் தரையில ஓடிப் பழகித்தான் அங்கன போயி விழுந்தாளாம்."

பேச்சிமுத்து அவர் சட்டைக் கசங்கலை நீவிவிட்டார்.

"நேத்து அம்புட்டு பேரு முன்னால ஏசுனேனே. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?"

"யார்ட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாவே."

"அவளாவது எங்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"நானும் அதத்தான் கேட்டேன்." பாண்டியராஜ் தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்பா பாவம், நான் விழுந்தா தாங்க மாட்டாரு; அதான் அவரு வாரதுக்குள்ள விழுந்து முடிச்சிருதேன்னு சொல்லுதா."