மூணுக்குள்ள வரணும்

"ஏலே இசக்கி, நீ மெக்கானிக்கா, இல்ல கொத்தனாரா?"

பேபியக்கா ஒர்க்‌ஷாப் வாசலில் நின்று போட்ட சத்தத்தில், ஆயில் மாற்றக் காத்திருந்த ஒருவர் மெதுவாகத் தன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

"என்னக்கா, இன்னைக்கும் ஃபெயிலா?" இசக்கியப்பன் கையைத் துடைத்தபடி எழுந்து வந்தான்.

"மொதல்ல மூணு புள்ளி எட்டு. நீ பிளக்கை மாத்துன. அப்புறம் நாலு புள்ளி ஒம்பது. ஏர் ஃபில்டரை மாத்துன. இன்னைக்கு ஆறு புள்ளி ரெண்டு. நீ கை வைக்க வைக்க ஏறுதுலே. இது காரா, காய்ச்சக்காரனா?"

"ஆறு புள்ளி மூணு" என்று திருத்தினார் அவள் கணவர் வில்பிரட். துறைமுகத்தில் முப்பது வருஷம் கண்டெய்னர் நம்பர் எழுதியவர். எண் தப்பினால் தாங்க மாட்டார்.

தொண்ணூற்றேழாம் வருஷத்து வெள்ளைக் கார் அது. புகைப் பரிசோதனையில் அந்த எண் மூன்றுக்குள் வந்தால்தான் சான்றிதழ். சான்றிதழ் இருந்தால்தான் ஆர்.சி.யைப் புதுப்பிக்க முடியும். அதற்கு நாளைதான் கடைசி நாள். நாளை மறுநாள், பதினொரு மாதக் கப்பல் வேலை முடிந்து மகன் ஜாய்சன் வாகைகுளம் விமான நிலையத்தில் வந்து இறங்குகிறான். அவனை இதே காரில் நேராக மாதா கோயிலுக்குக் கூட்டி வருவதாகப் பேபியக்கா நேர்ந்திருந்தாள்.

"வாடகைக் கார்ல வந்தா மாதா வேண்டாம்னா சொல்லப் போறா?" என்று வில்பிரட் ஒரு தடவை கேட்டார். அப்புறம் கேட்கவில்லை.

இசக்கியப்பன் இன்ஜினை ஓடவிட்டு, வில்பிரட்டின் கைக்குட்டையை வாங்கி சைலன்சருக்குப் பின்னால் பிடித்தான். கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது.

"இங்கன நல்லாத்தானக்கா இருக்கு. அங்கன போனாத்தான் கெடுது."

"அங்கன உப்புக் காத்து ஒத்துக்கலையோ?"

"தூத்துக்குடியில உப்புக் காத்து இல்லாத எடம் எங்க இருக்கு?" என்றார் வில்பிரட்.

"நீங்க சும்மா இருங்க. ஏலே, தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. நாலு பேருக்கு நான் சொல்லிக்கிடுதேன்."

ஒர்க்‌ஷாப்பில் மிச்சமிருந்த ஒரே வாடிக்கையாளரும் தன் மொபெட்டை ஒருமுறை சந்தேகமாகப் பார்த்தார்.

"கார்புரேட்டரைக் கழட்டிக் கழுவிருதேன்க்கா. நாளைக்கு நானும் கூட வாரேன்."

மறுநாள் காலை. வில்பிரட் ஸ்டியரிங்கில், இசக்கியப்பன் பின்சீட்டில். முன்சீட்டில் ஏறிய பேபியக்கா கைப்பையைத் திறந்தாள். கிரீஸ் கை படக்கூடாது என்று, கார் ஒர்க்‌ஷாப்புக்கு வரும்போதெல்லாம் அவள் கழற்றி வைத்துவிடும் சாமான்கள் அதில் இருந்தன. முதலில் செபமாலை. முதல் தடவை ஃபெயிலானதும் சேர்த்த, மாதா படம் தைத்த உத்தரியக் கயிறு. இரண்டாம் தடவைக்குப் பிறகு சேர்த்த தீர்த்த பாட்டில். இன்றைக்குப் புதிதாக, கயிறு கட்டிய ஒரு சின்ன மாதா சுரூபம். எல்லாவற்றையும் டேஷ்போர்டுக்குக் கீழே வசதியாக ஓரிடம் பார்த்து மாட்டினாள்.

கார் கிளம்பியது. உறுமியது.

"மிதிக்காமலே உறுமுது" என்றார் வில்பிரட்.

"மாதா கூட இருக்கால்லா. அதான் வேகம்."

பின்னால் வந்த உப்பு லாரி டிரைவர் மூக்கைப் பொத்திக்கொண்டு முந்திப் போனார். இசக்கியப்பன் எட்டி முன்சீட்டுப் பக்கம் பார்த்தான். பிறகு பரிசோதனை நிலையம் வரும்வரை மாதா தொங்கிய இடத்தையே பார்த்துக்கொண்டு வந்தான்.

அங்கே நாலு வண்டிகள் வரிசையில் நின்றன. இவர்கள் முறை வந்தது.

"அக்கா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கிடக் கூடாது."

"சொல்லுலே."

"மாதாவைப் போயி கால்மாட்டுல தொங்கவிட்டிருக்கீயளே. அண்ணாச்சி கியர் போடுறப்ப முழங்கை இடிக்கு. எங்க சாமின்னா உச்சியிலதான் வைப்போம்."

பேபியக்கா பதறிப்போனாள். "அய்யோ, எம் மாதாவே!" என்று சிலுவை போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகக் கழற்றினாள். இசக்கியப்பனும் எட்டிக் கை கொடுத்தான். எல்லாம் மேலே கண்ணாடியில் ஏறின. உறுமலும் அடங்கியது.

பரிசோதனை செய்யும் ஜெயகணேஷ் சைலன்சரில் குழாயைச் செருகிவிட்டுத் திரையைப் பார்த்தான்.

"ஒண்ணு புள்ளி எட்டு. பாஸ்."

"பாத்தியாலே!" பேபியக்கா கத்தியதில் வரிசை முழுக்கத் திரும்பியது. "பிளக்காம், ஃபில்டராம், கார்புரேட்டராம்! மாதாவைக் கால்மாட்டுல வச்ச கோவம்லே அது! ஒனக்கு என்ன வேலை தெரியும்?"

"ஆமாக்கா. எனக்கு அவ்வளவு வெவரம் பத்தாது" என்றான் இசக்கியப்பன், வரிசைக்கே கேட்கும்படி.

"அடுத்த தடவை வேற மெக்கானிக்கைப் பாத்துக்கிடுதேன். நீ பஸ்ல போ."

சான்றிதழோடு கார் அமைதியாகக் கிளம்பிப் போனது. வரிசையில் இருந்த ஒருவர் இசக்கியப்பனைப் பார்த்துச் சிரித்தார்.

ஜெயகணேஷ் மட்டும் சிரிக்கவில்லை. "ஏலே, கை கொடுக்குற மாதிரி நீ சோக்கை உள்ள தள்ளுனதை நான் பாத்துட்டேன்."

"சத்தம் போடாத. காலையில வண்டி ஸ்டார்ட் பண்ண இழுக்குற சோக்குக் குமிழு அது. நழுவாம இருக்கணும்னு அதை வெளிய இழுத்துவிட்டு சாமானை அதுல மாட்டியிருக்காவ. சாமான் கூடக் கூட இன்னும் கொஞ்சம் இழுத்திருக்காவ. இன்ஜின் பெட்ரோலை அள்ளிக் குடிச்சிருக்கு. ஒர்க்‌ஷாப்புக்கு வரும்போது கழட்டிட்டு உள்ள தள்ளிருதாவ. எனக்கு எப்படித் தெரியும்?"

"அதைச் சொல்லித் தொலைச்சிருந்தா ஒம் பேராவது தப்பிச்சிருக்கும்லா?"

இசக்கியப்பன் பஸ் வருகிறதா என்று பார்த்தான்.

"பதினொரு மாசமா அந்த மாலையை உருட்டித்தான் மகனுக்கு செபம் சொல்லுதாவ. அதுதான் காரைக் கெடுத்துச்சுன்னு இன்னைக்கு எப்படிலே சொல்ல? பய இன்னும் வீடு வந்து சேரல."