சத்தம் போடுகிற சூப்பர்சார்ஜர்

"ரெண்டுல எது அதிகமா சத்தம் போடும்?"

நர்சரிக்காரம்மா இப்படிக் கேட்டதும் மெக்கானிக்கின் கையிலிருந்த ஸ்பேனர் நழுவிக் காலில் விழப் பார்த்தது.

மேஜை மேல் இரண்டு சூப்பர்சார்ஜர்கள் இருந்தன. இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணித்து, வண்டிக்குக் கூடுதல் பலம் கொடுக்கிற சாமான். அவளுடைய செடி நர்சரி மேட்டின் உச்சியில், வீட்டுக்குப் பின்னாலேயே. மண் மூட்டை ஏற்றினால் பிக்கப் வண்டி மூன்றாவது வளைவில் மூச்சு வாங்கி நின்றுவிடும். பலம் வேண்டும் என்று அவள் கேட்டதில் தப்பே இல்லை.

ஆனால் சத்தம்?

"சத்தம் எதுக்கும்மா? இந்த உருண்டையைப் பாருங்க. பூனை மாதிரி இருக்கும். உங்க மேட்டை அலுங்காம ஏறிடும். அந்த நீளமானதுக்குள்ள ரெண்டு திருகு சுத்தும். மிதிச்சா விசிலடிச்சு ஊளையிடும்."

"எவ்வளவு தூரம் கேக்கும், அண்ணா?"

"கீழ மிதிச்சா மேட்டு உச்சில தூங்கறவங்க எழுந்து உக்காருவாங்க."

அவள் முகம் பூத்துவிட்டது. "அப்ப அதையே மாட்டுங்க!"

மெக்கானிக்குக்கு வாய் ஒரு நிமிஷம் அடங்காது. ஆனால் அவர் கை பட்ட வண்டி அடங்கிவிடும். 'அவர்கிட்ட விட்டா வண்டி வீட்டுக்கு வந்து நின்னதே தெரியாது' என்றுதான் ஜனங்கள் பேசுவார்கள். அந்தப் பேரை வைத்துத்தான் கடையே ஓடுகிறது. இப்போது பின்கண்ணாடியில் அவர் கடை ஸ்டிக்கரோடு ஒரு வண்டி ஊளையிட்டுக்கொண்டு ஊர் சுற்றப் போகிறது!

மதியச் சாப்பாடு கொண்டுவந்த மனைவியிடம் புலம்பினார். "நாப்பத்தஞ்சு வயசுல வந்த ஆசையைப் பாரு. ஊரு திரும்பிப் பாக்கணுமாம்!"

"உங்களுக்கு அம்பத்திரண்டு வயசுல மீசைக்கு மை பூசற ஆசை வரலையா? பேசாம சாப்பிடுங்க."

மூன்று நாள் வேலை. இன்ஜின் தலையில் அதை உட்கார வைத்து, பெல்ட் மாட்டி, காற்றைக் குளிர வைக்கிற குழாய்களை இணைத்து, பெட்ரோல் போகும் அளவைத் திருத்தினார். கடைசியில் மனசு கேட்கவில்லை. காற்று உள்ளே போகிற வாயைச் சுற்றி ஒரு பெட்டி கட்டி, உள்ளே சத்தத்தைக் குடிக்கிற தடித்த பஞ்சு அட்டை ஒட்டிவிட்டார். வண்டி உறுமக்கூட இல்லை. கேட்காமலே செய்த உபகாரம். அந்தம்மா பூரித்துப் போவாள் என்று அவருக்கு நினைப்பு.

மறுநாள் கடை திறந்ததும் திறக்காததுமாக அவள் வந்து நின்றாள்.

"என்ன அண்ணா பண்ணி வெச்சிருக்கீங்க? நேத்து சாயங்காலம் வாசல்ல போய் நிக்கற வரைக்கும் ஒரு ஈ காக்காவுக்குத் தெரியல!"

"அதானேம்மா என் கைராசி!"

"கெட்டுது போங்க! என் மானமே போச்சு. அந்தப் பெட்டியைக் கழட்டறீங்களா, நான் வேற கடைக்குப் போகட்டுமா?"

வெகுநாள் வாடிக்கை. அவர் பெட்டியைக் கழற்றினார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. "ஓட்டிப் பாத்துட்டுத்தான் விடுவேன். நானும் கூட வரேன்" என்று வண்டியில் ஏறிக்கொண்டார்.

முதல் வளைவில் அவள் மிதித்தாள். 'ஊ...ய்ங்' என்று வண்டி அலறியது. டீக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மெக்கானிக் சீட்டில் சறுக்கிக் குனிந்துகொண்டார்.

மூன்றாவது வளைவை வண்டி விழுங்கிவிட்டு ஏறியது. அதற்கப்புறந்தான் வேடிக்கை. சமதரையில், பறக்க வேண்டிய இடத்தில், அவள் வேகத்தைக் குறைத்தாள். கியரையும் இறக்கி, நத்தை மாதிரி ஊர்ந்துகொண்டே ஊளையிட வைத்தாள்.

"ஏம்மா, இவ்வளவு பலத்தை மாட்டிட்டு இப்படி ஊர்றீங்க?"

"இருங்கண்ணா. ரெண்டு நிமிஷமாவது குடுக்கணும்."

வாசலில் வண்டி நின்றது. அவளுடைய அப்பா, எழுபது வயது, குழாயைத் திறக்காமலே செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். காது இரண்டும் சிவந்திருந்தன. முற்றத்து மேஜையில் இரண்டு கோப்பைத் தேநீர், இரண்டிலும் ஆவி பறந்தது. பக்கத்து வீட்டுக்குப் போகிற சின்னக் கேட் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம், தனியாக இருக்கிற டெய்லரம்மா, கணுக்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு, காய்ந்த துணியை மறுபடி உதறிக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டியாம்மா? இவ்வளவு சீக்கிரமா?" என்றார் அப்பா, செடியைப் பார்த்தபடி.

"மண்ணு கிடைக்கலப்பா. மறுபடி போறேன். சாயங்காலம்தான் வருவேன்."

அவர் தலையாட்டிய வேகத்தைப் பார்க்க வேண்டுமே!

வண்டியில் ஏறியதும் அவள் சிரித்தாள். "நேத்து நீங்க பூனையாக்கின வண்டி சத்தமில்லாம போய் நின்னுச்சில்ல? டெய்லரம்மா பதறி வேலியைத் தாண்டிக் குதிச்சு கால் சுளுக்கிடுச்சு. எங்கம்மா போனப்புறம் அப்பா வாய்விட்டுச் சிரிச்சு இந்த நாலு மாசமாத்தான் கேக்கறேன், அண்ணா. அவங்களா வந்து சொல்ற வரைக்கும் எனக்கு எதுவும் தெரியாது."

மெக்கானிக் ஜன்னல் வழியே அந்தச் சின்னக் கேட்டைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் கேட்டார்: "அதுக்கு இவ்வளவு ஊளை எதுக்கும்மா? தெருமுனையில ஒரு ஹாரன் அடிச்சா போதாதா?"

"ஹாரன் அடிச்சா நான்தான் தெரிஞ்சு அடிக்கறேன்னு கூசிப்போய், அவங்க வர்றதையே நிறுத்திடுவாங்க. வண்டி கத்தினா பழி வண்டி மேலதானே, அண்ணா!"