ஏட்டையா விட்டது

"ஏட்டி கேத்ரின், அந்த டிவியை அமத்து! தவக்காலத்துல காதல் காமெடிப் படம் கேக்குதோ?"

ராஜபாளையத்தில் ஏட்டாக இருக்கும் ரிச்சர்டின் சத்தம் தெருவுக்கே கேட்டது. மனைவி கேத்ரினுக்கும் கோபம் வந்தது.

"தவக்காலத்துக்கு நான் கறியை விட்டிருக்கேன். நீங்க மத்தியானம்கூட ஆட்டுக்கறிய ஒரு பிடி பிடிச்சீய. சிகரெட்டையும் விடல, ஸ்டேஷன்ல வையுற வசவையும் விடல. என்னையச் சொல்ல வந்துட்டீய!"

"நானும் ஒண்ணை விட்டிருக்கேன்ட்டி!"

"எதை?"

ரிச்சர்ட் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரல் மட்டும் இறங்கியது, கோபம் இறங்கவில்லை.

"இந்த மாதிரிக் காதல் காமெடிப் படத்தைத்தான். செல்லுல ஒளிஞ்சு ஒளிஞ்சு பாத்ததை, ஈஸ்டர் வரைக்கும் தொடக் கூடாதுன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கெடக்கேன். நீ நடுவீட்டுல போட்டு விழுந்து விழுந்து சிரிக்கே!"